கர்ணனை யார் கட்டுவது?

அச்சரப்பாக்கத்துக்குப் பெயர் வந்த கதை இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவனுடைய தேரின் அச்சு இந்த இடத்தில் இற்றுப்போனது. அச்சு இறு பாக்கம் என்பது அச்சிறுபாக்கம் ஆகி, பேச்சில் அச்சரப்பாக்கம் ஆனது. பிள்ளையாரைக் கும்பிடாமல் கிளம்பியதால் வந்த வினை என்று ஆட்சீஸ்வரர் கோயிலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தேர் நகராமல் நின்றுபோன இன்னொரு ஆளின் கதையைப் பார்க்க, போன பங்குனியில் ஊருக்கு மேற்கே ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கர்ண மோட்சம். கருமாதிக் கூத்து. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக ஒரு வரி: வயசாகி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தவருக்குக் காரியம் செய்யும்போது ராத்திரி கூத்து வைப்பது இங்கே வழக்கம். பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். சம்பாதித்த புண்ணியத்தையே தானமாகக் கொடுத்துவிட்டு மோட்சம் போனவன் கர்ணன். நம்ம வீட்டுப் பெரியவரும் அப்படிப் போகட்டும் என்று ஒரு ஆசை.

அன்றைக்குக் கர்ணன் கட்டியவருக்கு ஐம்பது வயசிருக்கும். நல்ல கூத்தாடி. கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் சுமந்துகொண்டு அவர் கிறுகி அடித்தபோது முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தன. ஆனால் மூன்று மணிக்கு மேல் தொண்டை கட்டிவிட்டது. பொன்னுருவி கர்ணனை ஏசுகிற இடம் வந்தபோது, பின்னால் தாளம் போட்டுக்கொண்டிருந்த இருபது இருபத்திரண்டு வயசுப் பையன் கர்ணன் பாட்டை வாங்கிப் பாட ஆரம்பித்தான். பின்பாட்டுக்காரர் கைகொடுப்பது கூத்தில் சாதாரணம். ஆனால் இது கைகொடுத்தல் மாதிரி இல்லை. வசனம் எங்கே உடையணும், எங்கே இழுக்கணும் என்பது வரைக்கும் அவன் கர்ணனை மனசுக்குள் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தான். விடியும்வரை நான் முன்னால் ஆடுகிறவரைப் பார்த்துக்கொண்டு, பின்னால் பாடுகிறவனைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காலையில் தேங்காய் எண்ணெய் தடவி வேஷம் கலைத்துக்கொண்டிருந்த வாத்தியாரிடம் போய்க் கேட்டேன்.

"அந்தத் தம்பியே கர்ணன் கட்டலாமே, வாத்தியாரே?"

"பாடுவான் சார். பாடம் பூரா மனப்பாடம். அடவும் வரும்."

"அப்புறம் என்ன?"

"கருமாதிக்கு ஆடிடலாம் சார். பாரதத்துக்குப் போனா வேஷத்துக்குக் கற்பூரம் காட்டுவாங்க, கால்ல வுழுவாங்க. காலைல டீக்கடைல யாரு அந்தப் புள்ள, எந்தூரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. அடுத்த வருசம் எனக்கு வெத்தல பாக்கு வெக்க மாட்டாங்க."

பையன் காலனிக்காரன். வாத்தியார் ஊர்க்காரர். அவர் கெட்டவர் இல்லை. அவனைச் சேர்த்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஒரு சீசனில் கிடைக்கும் ஆட்டங்களை வைத்து வருஷம் முழுக்கப் பதினைந்து குடும்பம் சாப்பிட வேண்டிய செட்டு அது. அவர் சொன்ன காரணம் பொய்யும் இல்லை. அதனால்தான் அது எனக்குப் பெரிய கேள்வியாகிவிட்டது.

உலகத்தில் இந்தச் சண்டை

வேஷம் யாருக்கு என்கிற சண்டை மேற்கே ரொம்ப நாளாக நடக்கிறது. 1989இல் லண்டனில் மேடையேறிய 'மிஸ் சைகான்' இசை நாடகத்தில் பாதி ஆசிய வம்சாவளிப் பாத்திரம் ஒன்றை ஜொனாதன் பிரைஸ் என்ற வெள்ளைக்கார நடிகர் கண்ணை ஒட்டி மாற்றிக்கொண்டு நடித்தார். அதே நாடகம் அமெரிக்காவுக்குப் போகும்போது, 1990இல், அங்குள்ள நடிகர் சங்கம் அவரை அனுமதிக்க மறுத்தது. தயாரிப்பாளர் நாடகத்தையே ரத்து செய்வேன் என்றதும் சங்கம் பின்வாங்கியது. 2015இல் வந்த 'ஹாமில்டன்' நேர்மாறு: அமெரிக்காவை உருவாக்கிய வெள்ளைக்காரத் தலைவர்களின் வேஷங்களைக் கறுப்பின, லத்தீன் அமெரிக்க நடிகர்கள் கட்டினார்கள். ஊரே கொண்டாடியது.

நம்ம பாரதமும் இந்தச் சண்டைக்குள் மாட்டியிருக்கிறது. 1985இல் பிரான்சின் அவிஞ்ஞோன் விழாவில் பீட்டர் புரூக் மகாபாரதத்தை ஒன்பது மணி நேர நாடகமாகப் போட்டார். ஒரு கல் குவாரியில், ராத்திரி முழுக்க. நம்ம கூத்து மாதிரியே. பல தேசத்து நடிகர்கள். முக்கிய வேஷத்தில் இந்தியர் என்றால் திரௌபதியாக நடித்த மல்லிகா சாராபாய் ஒருவர்தான். 1989இல் அது படமானபோது அருச்சுனன் இத்தாலிக்காரர், தருமர் போலந்துக்காரர், பீமன் செனகல்காரர், துரோணர் ஜப்பான்காரர். கர்ணனாக நடித்தவர் டிரினிடாடில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஜெஃப்ரி கிஸ்ஸூன், கறுப்பின நடிகர். எங்கள் கதையை அதன் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ருஸ்தம் பரூச்சா கடுமையாக எழுதினார்.

எனக்கு அந்தப் படத்தில் வேறொரு விஷயம் உறுத்தியது. அண்ணன் தம்பிகளே மூன்று கண்டத்து முகங்களோடு நிற்கும்போது, நிறத்தைப் பார்க்காதே என்று நாடகம் நமக்குச் சொல்லிவிடுகிறது. சரி, பழகிவிடுகிறோம். அதற்கப்புறம் கர்ணனை நீ யார் மகன் என்று சபையில் கேட்கிறார்கள். அந்த முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் இதைக் குறை என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க, நம்ம ஊருக்கு அதுதான் சரியான படம் என்று தோன்றியது. கர்ணனுக்கு நடந்தது முகத்தைப் பார்த்து நடந்ததில்லை. கேள்வி கேட்டு நடந்தது.

கண்ணா, காதா?

கூத்தைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு: "வெள்ளைக்காரன் இப்பதான் கத்துக்கிறான், நம்ம கூத்துல ஆம்பள பொம்பளயா ஆடுறான், கெழவன் அபிமன்யு கட்டுறான். அரிதாரம் பூசிட்டா யார் வேணா யார் வேணா ஆகலாம்." பாதி உண்மை. கிருஷ்ணனுக்குப் பச்சையோ நீலமோ பூசி, துரியோதனனுக்குச் சிவப்பு அடித்த பிறகு உள்ளே இருக்கிற ஆளின் நிறம் யாருக்குத் தெரியும்? முகம் ஒரு பொருட்டே இல்லை என்று வைத்திருக்கிற கலை இது.

அந்தப் பூச்சும் அவ்வளவு வெள்ளந்தி இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். திரௌபதிக்குக் கிருஷ்ணை என்று ஒரு பெயர். கறுப்பி என்று அர்த்தம். கதையில் அவள் அழகே அந்தக் கறுப்புதான். ஆனால் நான் பார்த்த ஆட்டங்களில் பெண் வேஷத்துக்கு எப்போதும் வெளிர் மஞ்சளும் ரோஸும் கலந்த பூச்சுதான். தூர்தர்ஷனில் பி.ஆர். சோப்ராவின் மகாபாரதம் (1988-90) வந்து, சிவந்த திரௌபதியை வீட்டுக்கு வீடு உட்கார வைத்துவிட்டது. கறுப்பான ஊரில், கறுப்பானவள் என்று பெயரிலேயே இருக்கிற அம்மனுக்குத் தீமிதித்துவிட்டு, அவளை வெளுப்பாகவே பார்க்கிறோம்.

ஆனாலும் நிறம் அல்ல இங்கே பூட்டு. அந்தத் தாளக்காரப் பையனையும் வாத்தியாரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், யார் ஊர், யார் காலனி என்று வெளியூர்க்காரன் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 'நிறம் பார்க்காமல் வேஷம் கொடுப்பது' என்று ஒரு கொள்கை சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொள்வது மாதிரி. நமக்கு அது பயன்படாது. நாம் கண்ணால் பார்த்து ஒதுக்கியதே இல்லை, காதால் கேட்டு ஒதுக்குகிறோம். எந்தூரு? எந்தத் தெரு? யார் மவன்? கூத்தில் பூச்சு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிற கேள்விகள் இவை. பாரதக் கூத்தில் வேஷத்துக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள் என்று வாத்தியார் சொன்னாரே, அங்கேதான் முடிச்சு. வெறும் நடிப்பாக இருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வேஷம் சாமியாகிவிடுகிறது, கும்பிட்ட பிறகு, யாரைக் கும்பிட்டோம் என்று விசாரிக்கத் தோன்றுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கர்ண மோட்சம் முழுக்கவே இந்த விசாரணைதான். கட்டிய மனைவி பொன்னுருவி, தேரோட்டி மகன் என்று கர்ணனை அருவருக்கிறாள். சல்லியன் அவனுக்குத் தேரோட்ட உட்கார்ந்துகொண்டே பிறப்பைக் குத்திக் காட்டுகிறான். விடிய விடிய இதைப் பார்த்து ஊர் அழுகிறது. விடிந்ததும் டீக்கடையில் அதே ஊர் அதே கேள்வியைக் கேட்கிறது.

பூச்சு எந்தப் பக்கம் ஓடுகிறது

"யார் வேணா யார் வேணா ஆகலாம்" என்பது எந்தத் திசையில் உண்மை என்று பார்க்க நந்தனார் கதை நல்ல உதாரணம். 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். ஒரு லட்ச ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை. வேதியராக நடித்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஒரு பெண் நந்தனார் ஆகலாம். 1942இல் ஜெமினி எடுத்தபோது, தேவாரம் பாடும் மரபில் வந்த எம்.எம். தண்டபாணி தேசிகர் நந்தனார் ஆகலாம். இரண்டு பேரும் பெரிய பாட்டுக்காரர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சேரியிலிருந்து ஒருவர் வந்து அந்த வேதியர் வேஷத்தைக் கட்டியிருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மேலே இருப்பவர் கீழே இறங்கி நடித்தால் அது கலை, பக்தி, பெருந்தன்மை. கீழே இருப்பவர் மேலே ஏறி நடித்தால், யாருப்பா அந்தப் புள்ள? கதவு ஒரு பக்கம்தான் திறக்கிறது.

அப்படியானால் நந்தனாரை தலித் நடிகர்தான் கட்டணும், அர்ச்சுனனை அவர் கட்டக் கூடாது என்று வேலி போட்டுவிடலாமா? எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளுக்கொரு தெரு மாதிரி ஆளுக்கொரு வேஷம் என்று பிரித்தால், இருக்கிற பூட்டுக்கு இன்னொரு சாவி செய்து கொடுத்த மாதிரிதான். கூத்தின் பலமே அடுத்தவனாக மாற முடியும் என்பது. அந்தப் பலம் எல்லாருக்கும் கிடைக்கணும் என்பதுதான் வழக்கு.

துரியோதனன் கொடுத்த நாடு

இந்த வழக்குக்குப் பாரதத்திலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது. வில் வித்தை அரங்கில் உன் குலம் என்ன என்று கேட்டுக் கர்ணனைத் தலைகுனிய வைத்தபோது, துரியோதனன் எழுந்து அங்க நாட்டைத் தூக்கிக் கொடுத்து அவனை ராஜாவாக்கினான். கேட்டவர்கள் வாயை அடைத்தாயிற்று. ஆனால் குலம் கேட்கிற வழக்கம் அப்படியே இருந்தது. ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் பதில் கிடைத்தது. அந்த ஆளும் சாகிறவரை செஞ்சோற்றுக் கடன் கழிக்க வேண்டியிருந்தது.

செட்டில் ஒரு காலனிப் பையனைப் பாவம் என்று சேர்த்துக்கொள்வது, நகரத்து நாடகக் குழுவில் ஒருவரை அடையாளத்துக்கு நிறுத்துவது, எல்லாம் அங்க நாடு மாதிரிதான். கொடுத்தவனுக்குப் புண்ணியம், வாங்கியவனுக்குக் கடன். 1996இல் ஆகஸ்ட் வில்சன் என்ற கறுப்பின நாடகாசிரியர் பிரின்ஸ்டனில் நாடகக்காரர்கள் கூட்டத்தில் பேசும்போது இதைத்தான் வேறு மாதிரி சொன்னார். நிறம் பார்க்காமல் வெள்ளைக்காரர் நாடகத்தில் எங்களுக்கு வேஷம் தருவது எங்களுக்கு வேண்டாம் என்றார். அவர் காட்டிய கணக்கு இது: நாட்டின் பெரிய நாடக நிறுவனக் கூட்டமைப்பில் 66 அரங்குகள், கறுப்பினத்தவருடையது என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. அதாவது, வேஷத்தைப் பற்றி அப்புறம் பேசலாம், மேடை யார் கையில் இருக்கு என்று முதலில் சொல்லுங்கள். விமர்சகர் ராபர்ட் புருஸ்டீன் இதைப் பிரிவினை என்று எதிர்த்தார். இரண்டு பேரும் 1997இல் நியூயார்க்கில் நேருக்கு நேர் மேடையேறி வாதாடினார்கள். அடுத்தவனாக மாறுகிற சுதந்திரத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் நான் புருஸ்டீன் பக்கம்தான். ஆனால் எதை முதலில் கேட்பது என்பதில் வில்சன் சொன்னது நம்ம ஊருக்கு அப்படியே பொருந்துகிறது. ஆட்டத்துக்கு வெற்றிலை பாக்கு வைப்பது யார், எந்தத் தெருவில் களரி, பாடம் சொல்லிக் கொடுப்பது யார்: வேஷம் இந்த மூன்றிலேயே முடிவாகிவிடுகிறது.

பாடம் சொல்லிக் கொடுக்கிற இடத்தை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே ஒரு சோதனை நடந்தது. பெ. ராஜகோபாலும் மற்ற கலைஞர்களும் சேர்ந்து 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம், காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை ஒரு குருகுலம் நடத்தியது. பள்ளிக்கூடப் படிப்பும் கூத்தும் சேர்ந்து. பெண் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பெண்ணைக் களரிக்குள்ளேயே விடாத கலையில் அந்தப் பிள்ளைகள் கட்டை கட்டி ஆண் வேஷமும் ஆடினார்கள். பெண் உடம்பு கட்டையைத் தாங்காது, ராத்திரி முழுக்க ஆட முடியாது என்று சொல்லிவந்தது எல்லாம் பயிற்சி கொடுக்காததற்குச் சொன்ன சாக்கு என்று அப்போது தெரிந்துபோச்சு. தெருக்கூத்து என்று இளக்காரமாகச் சொல்லாமல் கட்டைக்கூத்து என்று சொல்லுங்கள் என்று ராஜகோபால் வாதாடியதும் இதோடு சேர்ந்ததுதான்.

மரபு கெட்டுவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்லணும். புரிசையில் கார்சியா மார்க்வெஸின் சிறகு முளைத்த கிழவன் கதையையே கூத்தாக ஆடியிருக்கிறார்கள். கொலம்பியாவிலிருந்து வந்த கிழவனுக்குக் களரியில் இடம் கொடுத்த மரபு, அரை மைல் தள்ளியிருக்கும் காலனிப் பையனுக்கு இடம் கொடுத்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

அவன் கட்டினால் என்ன ஆகும்

இதை நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஆட்டத்துக்காகவும் சொல்கிறேன். கர்ண மோட்சத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை உண்டு. பொன்னுருவி ஏசுகிறாள், கர்ணன் தன் பிறப்பு ரகசியத்தைச் சொல்கிறான், குந்தி பெற்ற பிள்ளை, சூரியன் மகன். உடனே அவள் மனசு இளகுகிறது. அதாவது பிறப்பைப் பார்க்காதே என்று கூத்து சொல்லவில்லை. இவன் பிறப்பு உசத்திதான், நீ தப்பாக நினைத்துவிட்டாய் என்கிறது. ஊர் நிம்மதியாக அழுவது இதனால்தான். கேள்வி தப்பு என்று யாரும் உணர வேண்டியதில்லை. விடை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

அந்தப் பையன் கிரீடம் கட்டிக்கொண்டு நின்று, "தேரோட்டி மகன்" என்ற வசவை வாங்கினால் அதே வசனம் வேறு மாதிரி கேட்கும். அவனுக்கு எந்தக் குந்தியும் வரப்போவதில்லை, எந்தச் சூரியனும் இறங்கப்போவதில்லை என்பது பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். ரகசியம் சொல்லித் தப்பிக்கிற வழி அடைபட்டு, கேள்வி மட்டும் களரியில் நிற்கும். ஒரு வரி மாற்றாமல், ஒரு அடவு மாற்றாமல், கூத்து புதிதாகிவிடும். 2021இல் மாரி செல்வராஜ் தன் படத்துக்குக் 'கர்ணன்' என்று பெயர் வைத்தபோது சினிமா இந்த இடத்தைத் தொட்டுவிட்டது. கூத்து இன்னும் தொடவில்லை, கூத்துக்குத்தான் அது முதல் சொத்து என்றாலும்.

மாமல்லபுரத்தில் தருமருக்கு, பீமனுக்கு, அருச்சுனனுக்கு, திரௌபதிக்கு, நகுல சகாதேவனுக்கு என்று ரதங்கள் இருக்கின்றன. பல்லவர்கள் வைத்த பெயர்கள் இல்லை, பிற்காலத்தில் ஜனங்கள் வைத்தவை. பெயர் வைத்த ஜனங்களுக்குக் கர்ணனும் மூத்த பாண்டவன் என்று தெரியும். அவனுக்கு ஒரு ரதம் ஒதுக்கத் தோன்றவில்லை.

கடைசியாக ஒன்று. வாத்தியாரிடம் பேசிவிட்டுக் கிளம்பும்போது அந்தப் பையன் தாளத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். பாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா என்றேன். "சல்லியன் பாடமும் தெரியும்ணா" என்று சிரித்தான். என்னிடமும் அடுத்த கேள்வி தயாராக இருந்தது. ஆராய்ச்சிக் குறிப்புக்காகத்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கேட்டும் விட்டேன்.

"எந்தூருப்பா நீ?"

அவன் தாளத்தைப் பைக்குள் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் சொன்னான்.